பிளானர் சீவலையும் தூளையும் பிடிப்பது எப்படி: வீட்டுப் பட்டறை தொடங்குபவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது ஆறு அயனிப் பலகை வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் நாலடி நீளம், எட்டு அங்குல அகலம். மேலே கறுத்துப்போய் இருந்தாலும் உள்ளே தேன் நிறம் ஒளிந்திருக்கும் என்று தெரியும். பலகையை உள்ளே விட்டால் ஒரே கனத்துக்கு இழைத்துத் தரும் மெஷின்தான் திக்னஸ் பிளானர். புதிதாக வாங்கிய அந்தப் பிளானரின் பின்வாயில் வீட்டு வேக்குவம் கிளீனரின் ஓஸை டேப் சுற்றி மாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினேன். இரண்டாவது பலகை பாதி போனதும் மெஷினின் சத்தம் மாறியது. மூன்றாவது பலகை வெளியே வந்தபோது அதன் முகமெல்லாம் நெல்மணியை வைத்து அழுத்தியது மாதிரி சின்னச் சின்னக் குழிகள். ஓஸைக் கழற்றிப் பார்த்தால் பிளானரின் மூடிக்குள் சீவல் கெட்டியாக இறுகிக் கிடந்தது. வெளியேற வழியில்லாத சீவல் கத்தியோடு மறுபடியும் சுற்றி வந்து பலகைமேல் விழ, பின்பக்க உருளை அதை மரத்துக்குள் அழுத்தியிருக்கிறது. அந்தக் குழிகளை ஈரத்துணி போட்டு எழுப்பி, காயவைத்து, மறுபடி இழைத்து எடுக்க ஒரு நாள் முழுக்கப் போனது.

அப்புறம்தான் புரிந்தது, பட்டறையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது மட்டும் இதன் நோக்கம் இல்லை. சீவல் ஒழுங்காக வெளியே போனால்தான் பலகையே ஒழுங்காக வரும். இன்னொன்றும் புரிந்தது, இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவதும் அதைத்தான்: சீவல் வேறு, தூள் வேறு. சீவலை இழுக்க நிறையக் காற்று வேண்டும். தூளைப் பிடிக்க நல்ல வடிகட்டி வேண்டும். இரண்டையும் ஒரே பிரச்சினை என்று நினைத்து ஒரே சாமானை வாங்கினால் இரண்டும் தீராது.

முதலில் எவ்வளவு சீவல் வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மில்லிமீட்டர் (சுருக்கமாக மில்லி) அகலம், 1.2 மீட்டர் நீளமுள்ள பலகையில் ஒரு தடவைக்கு 1.5 மில்லி இழைத்தால், வெட்டுப்படுவது 0.36 லிட்டர் மரம். ஆனால் சீவலாகிச் சுருண்டு உப்பும்போது அது ஐந்தாறு மடங்காகிவிடும், அதாவது கிட்டத்தட்ட இரண்டு லிட்டர். பத்துப் பலகையை நாலு நாலு தடவை விட்டால் 80 லிட்டர். 20 லிட்டர் வேக்குவம் கிளீனர் பத்து தடவையிலேயே நிரம்பிவிடும், அதன் ஓஸ் அதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் வீண்செலவு மிச்சம்.

உங்கள் கையில் இருக்கும் மெஷின் எது?

கையில் பிடித்து ஓட்டுகிற 82 மில்லி எலக்ட்ரிக் பிளானர்தான் என்றால் கவலை வேண்டாம், அதற்கு வேக்குவம் கிளீனரே போதும். கூடவே வரும் துணிப்பை ஒன்றிரண்டு நிமிடத்தில் நிரம்பிவிடும், அதை நம்பாதீர்கள். சில மாடல்களில் சீவல் நேராகப் பக்கவாட்டில் பறக்கும், ஓஸ் மாட்ட இடமே இருக்காது. வாங்கும்போதே அந்த வாயில் ஓஸ் மாட்ட முடியுமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். வேக்குவத்துக்கும் பிளானருக்கும் நடுவில் மூடியுள்ள ஒரு வாளியைப் பிரிப்பானாக வைத்தால் சீவலில் பெரும்பகுதி வாளியிலேயே விழும், வேக்குவத்தின் ஃபில்டரும் நீண்ட நாள் வரும்.

மேஜைமேல் வைக்கும் 12, 13 அங்குலத் திக்னஸ் பிளானர் என்றால் அது இரண்டு விதம். சிலவற்றில் உள்ளேயே ஒரு விசிறி இருக்கும், சீவலை அதுவே வெளியே தள்ளிவிடும். இந்த வகைக்கு ஆரம்பத்தில் டஸ்ட் கலெக்டர்கூட (பெரிய விசிறியால் சீவலை இழுத்துப் பையில் சேர்க்கும் தனி மெஷின்) வேண்டாம். ஓஸை ஒரு பெரிய டிரம்முக்குக் கொண்டுபோய், அந்த டிரம்மின் மூடியில் ஒரு பெரிய ஓட்டை வெட்டி, நெருக்கமாக நெய்த கெட்டித் துணியை அதன்மேல் இழுத்துக் கட்டிவிட்டால் சீவல் உள்ளே தங்கும், காற்று துணி வழியாகப் போய்விடும். ஓட்டையே இல்லாமல் மூடிய டிரம்மில் ஓஸைச் சொருகினால் காற்று போக இடமில்லாமல் திரும்பி முட்டும், சீவல் மெஷினுக்குள்ளேயே தங்கும். துணி சீவலைத்தான் பிடிக்கும், நுண்தூள் அதன் வழியே வெளியே வரும், ஆகவே டிரம் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

விசிறி இல்லாத வகைக்கு நாம்தான் வெளியிலிருந்து இழுக்க வேண்டும். அதற்கு டஸ்ட் கலெக்டர் தேவை.

காற்றின் கணக்கு

வேக்குவம் கிளீனரும் டஸ்ட் கலெக்டரும் வேலை செய்வது வேறு வேறு விதம். வேக்குவம் பலமாக உறிஞ்சும், ஆனால் கொஞ்சம் காற்றைத்தான் நகர்த்தும். டஸ்ட் கலெக்டரின் வாயில் கை வைத்தால் பெரிய இழுப்பு தெரியாது, ஆனால் அது நகர்த்தும் காற்று பல மடங்கு. பிளானருக்கு வேண்டியது இரண்டாவது. சீவல் குழாய்க்குள் கீழே படியாமல் மிதந்து போக, காற்று வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். நாலு அங்குலக் குழாயில் அந்த வேகம் வர நிமிடத்துக்குச் சுமார் 350 கனஅடி காற்று வேண்டும், அதாவது 350 சி.எஃப்.எம். பிளானர் தடையில்லாமல் ஓட 400க்கு மேல் இருந்தால் நல்லது. வேக்குவம் கிளீனர் தருவது பொதுவாக 100, 150 அளவுதான். அதோடு அதன் 35 மில்லி ஓஸின் வாய்ப் பரப்பு, நாலு அங்குலக் குழாயின் பரப்பில் எட்டில் ஒரு பங்கு.

பெட்டியில் அச்சடித்திருக்கும் சி.எஃப்.எம் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குழாய், ஃபில்டர் எதுவும் மாட்டாமல் வெறும் விசிறியை ஓட்டி அளந்த எண்தான் பெரும்பாலும் அதில் இருக்கும். நிஜத்தில் பாதி கிடைத்தாலே நல்லது. ஆகவே ஒரு எச்.பி டஸ்ட் கலெக்டர் பிளானருக்குச் சமாளிக்கும், அதுவும் பக்கத்திலேயே இருந்தால். ஒன்றரை, இரண்டு எச்.பி வாங்க முடிந்தால் மனசு நிம்மதி.

குழாய்

நிறையப் பேர் தவறு செய்யும் இடம் இது. மெஷின் நல்லதாக வாங்கிவிட்டு, ஓஸை அறையைச் சுற்றிப் பாம்பு மாதிரி விடுவார்கள். சுருள் கம்பி வைத்த வளையும் ஓஸின் உள்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும், அதே நீளமுள்ள வழுவழுப்பான குழாயைவிட அது இரண்டு மூன்று மடங்கு காற்றைத் தடுக்கும். ஓஸ் ஆறடிக்குள் இருக்கட்டும், பாக்கித் தூரத்துக்கு 110 மில்லி பி.வி.சி. வடிகால் குழாயே போதும், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்தப் பிளம்பிங் கடையிலும் கிடைக்கும். குழாயைத் திருப்ப வேண்டிய இடத்தில் ஒரே 90 டிகிரி எல்போ போடாமல், இரண்டு 45 டிகிரி பெண்டுகளை நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போடுங்கள். கிளை பிரிக்க வேண்டுமென்றால் T வடிவ டீ வேண்டாம், Y வடிவ ஒய் போடுங்கள். ஒரு குழாய் இன்னொன்றுக்குள் நுழையும் முனை காற்று போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், எதிர்த்து இருந்தால் அந்த விளிம்பில் நீளச் சீவல் ஒவ்வொன்றாக மாட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும். சால்வென்ட் போட்டு ஒட்டிவிடாதீர்கள். ரப்பர் வளையம் வைத்த மூட்டோ, டேப்போ போதும். அடைக்கும் நாளில் கழற்ற வேண்டியிருக்கும்.

பிளானரின் வாயும் ஓஸும் அளவு பொருந்தாமல் போவது சகஜம். இதற்குப் பைக் டியூப் அருமையான தீர்வு. பஞ்சர் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கி, ஒரு கை அகலத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் இழுத்து மாட்டி, மேலே ஓஸ் கிளிப் போட்டு முறுக்கினால் காற்று கசியாது. மெஷின் அதிர்ந்தாலும் கழன்று வராது.

கசிவைப் பார்க்கச் சிலர் ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டுகளின் பக்கத்தில் காட்டச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். கனல் ஒரு துளி உள்ளே போய்ச் சீவலில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு மெல்லிய நூலையோ, பாலிதீன் பையிலிருந்து கிழித்த ஒரு கீற்றையோ குச்சியில் கட்டி மூட்டுகளுக்குப் பக்கத்தில் காட்டினால் கசியும் இடத்தில் அது உள்பக்கமாக இழுபடும். அங்கே எம்-சீலோ சிலிக்கானோ வையுங்கள்.

ஒரே நேரத்தில் ஒரு மெஷினைத்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் சுவர் முழுக்கக் குழாய் ஓட்டிக் கிளைக்கு ஒரு அடைப்புக் கதவு வைக்கும் வேலையெல்லாம் தேவையில்லை. டஸ்ட் கலெக்டருக்குச் சக்கரம் இருக்கும், மெஷினுக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போங்கள். பலகை வெளியே வரும் பாதையில் ஓஸ் தொங்காமல் இருக்க, உத்திரத்திலிருந்து ஒரு கயிறு விட்டுத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

டிரம்

பிளானருக்கும் டஸ்ட் கலெக்டருக்கும் நடுவில் ஒரு டிரம் வைப்பதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். சீவல் முதலில் டிரம்முக்குள் சுழன்று விழும், நுண்தூள் மட்டும் காற்றோடு மேலே போய்ப் பையைச் சேரும். பையை அவிழ்க்கும் வேலை குறைகிறது, ஃபில்டர் அடைப்பது குறைகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக ஆணித்துண்டோ மரத்துண்டோ வந்தால் விசிறியில் போய் அடிக்காமல் டிரம்மிலேயே விழுந்துவிடும்.

120 லிட்டருக்குக் குறையாத, கெட்டியான நீல டிரம் எடுங்கள். என்ன இருந்த டிரம் என்று விசாரித்து, ரசாயனம் இருந்தது என்றால் விட்டுவிடுங்கள். மூடிக்கு 18 மில்லி பிளைவுட் வட்டம். அதன் நடுவில் ஒரு ஓட்டை, டஸ்ட் கலெக்டருக்குப் போகும் குழாய்க்கு. ஓரத்தில் இன்னொரு ஓட்டையில் ஒரு எல்போ வைத்து, அதன் வாய் டிரம்மின் சுவரை ஒட்டிச் சுற்றுகிற மாதிரித் திருப்பி விடுங்கள். மூடிக்குக் கீழே, எல்போ முழுசாக அடங்கும் அளவுக்கு இடம் விட்டு, நாலு போல்ட்டில் ஒரு தட்டு தொங்கவிட வேண்டும். அந்தத் தட்டின் விளிம்பில் 240 டிகிரி தூரத்துக்கு, அதாவது வட்டத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு, 28 மில்லி அகலத்தில் வெட்டி எடுத்துவிடுங்கள், பாக்கி மூன்றில் ஒரு பங்கு சுவரைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். சீவல் காற்றோடு சுற்றி வரும்போது அந்த இடுக்கு வழியே கீழே விழும், விழுந்தது மறுபடி மேலே எழும்பாது. எல்போவிலிருந்து வரும் காற்று முதலில் மோதுவது வெட்டாத பகுதியில் இருக்க வேண்டும். நீளச் சீவல் அதிகம் வருகிறவர்கள் இடுக்கைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கை. டிரம் முழுசாக நிரம்பிய பிறகு அதற்குப் பிரிக்கும் வேலையே கிடையாது, எல்லாம் நேராகப் பைக்குத்தான் போகும். ஆகவே பக்கவாட்டில் ஒரு துண்டு அக்ரிலிக் வைத்து ஜன்னல் மாதிரிச் செய்து, முக்கால் வந்ததும் கொட்டிவிடுங்கள். இரண்டாவது, ஓஸ் எங்காவது அடைத்தால் உள்ளே வெற்றிடம் ஏறி மெல்லிய டிரம் சப்பிப்போகும். என்னுடைய முதல் டிரம் அப்படி ஒரு பெரிய சத்தத்தோடு ஒடுங்கியது. உள்பக்கம் இரண்டு இடத்தில் பிளைவுட் வளையம் வைத்துத் திருகினால் தாங்கும்.

தூள்

இதுவரை சொன்னது சீவலுக்கு. இனிதான் உடம்பைப் பற்றிய விஷயம். பிளானர் மற்ற மெஷின்களைவிட நுண்தூள் குறைவாகத்தான் உண்டாக்கும், சேண்டிங் மெஷினோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. அதை வைத்து அசட்டையாக இருந்துவிடக் கூடாது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் மரத்தூளை முதல் பிரிவில் சேர்த்தது, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியல் அது. மூக்கின் உட்பக்கமும் சைனஸும்தான் முக்கியமாகப் பாதிக்கப்படும் இடங்கள். வருஷக்கணக்கில் தினமும் தூளில் நிற்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். நம் ஊரில் முப்பது நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்த ஆசாரிமார் முகத்தில் ஒரு துண்டைக்கூடக் கட்டாமல்தான் வேலை செய்திருக்கிறார்கள். எனக்கு வேலை சொல்லித்தந்த மாமா காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் இருமுவார். அதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும், ஈட்டி இன்னும் மோசம், மகோகனி மூக்கைக் காந்தும். ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்தடுத்த தடவை கொஞ்சத் தூளுக்கே வரும்.

டஸ்ட் கலெக்டரோடு வரும் துணிப்பை பெரும்பாலும் 30 மைக்ரான் அளவுக்குத்தான் பிடிக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நுரையீரலுக்குள் இறங்கும் தூள் 10 மைக்ரானுக்கும் கீழே. அதாவது அந்தப் பை சீவலைப் பிடித்துக்கொண்டு, ஆபத்தான தூளை அறை முழுக்கச் சன்னமாக ஊதிக்கொண்டிருக்கும். ஒரு மைக்ரான் ஃபில்டர் பை வாங்கி மாற்றுங்கள், அல்லது மடிப்பு மடிப்பாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர். இரண்டும் வாங்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது, டஸ்ட் கலெக்டரைச் சுவருக்கு வெளியே சாய்ப்பின் கீழ் வைத்துவிடுங்கள், குழாய் மட்டும் உள்ளே வரட்டும். ஆனால் எங்கே வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் நான் அப்படி வைத்தபோது பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார்கள். "மக்களே, உணக்கப் போட்ட துணி பூரா தூசியாட்டு கெடக்கு" என்றார்கள். அன்றைக்கே மெஷினை மறுபக்கம் மாற்றினேன். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம், காற்றாலை சுற்றுகிற ஊரில் ஒரு பிடி தூள் எங்கே போய் விழும் என்று அவர்களுக்கே தெரியும்.

முகமூடி கட்டாயம். துண்டு, கைக்குட்டை, அறுவைச் சிகிச்சை முகமூடி எதுவும் இதற்கு உதவாது. என்95, அல்லது ஐ.எஸ் 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி2 வாங்குங்கள், மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி விடுங்கள். இழைப்பை நிறுத்தியதும் கழற்றிவிடாதீர்கள், நுண்தூள் மணிக்கணக்கில் காற்றில் தொங்கும். வேலை செய்யும்போது சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள், படிந்த தூளையெல்லாம் அது மறுபடி எழுப்பும். ஒரு பக்கம் ஜன்னல் திறந்திருக்க, எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் போதும். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் வேக்குவத்தாலோ ஈரத்துணியாலோ எடுங்கள்.

ஓட்டும் முறை

டஸ்ட் கலெக்டரை முதலில் போடுங்கள், அது முழு வேகம் எடுத்த பிறகு பிளானர். நிறுத்தும்போது பிளானர் முதலில், குழாயில் இருப்பது வடியட்டும் என்று பதினைந்து வினாடி விட்டு டஸ்ட் கலெக்டர். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள். 1650 வாட் பிளானர் ஏழு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஒரு எச்.பி மோட்டார் நாலைந்து ஆம்பியர், கிளம்பும்போது இரண்டும் பல மடங்கு. 16 ஆம்பியர் சாக்கெட் இரண்டு, தனித்தனி லைனில், 2.5 ஸ்கொயர் மில்லி காப்பர் வயரில் இழுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போனால் உடனே பிளானரின் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், திரும்ப வரும்போது பலகை உள்ளே இருக்கக் கத்தி சுற்றத் தொடங்கினால் பெரிய ஆபத்து.

ஒரு தடவைக்கு அரை மில்லி, ஒரு மில்லி என்று எடுங்கள். குறைவாக எடுத்தால் சீவலும் குறைவு, குழாயும் அடைக்காது. கத்தி மழுங்கினால் சீவல் பொடியாகும், தூள் கூடும், மெஷின் முனகும். அப்போது கத்தியை மாற்றாமல் உறிஞ்சும் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய வீட்டு மரம் இழைப்பவர்கள் ஆணியை மறக்கவே கூடாது. நம் மாவட்டத்தில் பிரித்த வீட்டுக் கழுக்கோலும் (ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கட்டை) உத்திரமும் நல்ல மரம், ஆனால் உள்ளே துருப்பிடித்து ஒடிந்த ஆணி இருக்கும். பலமான காந்தத்தை நூலில் கட்டிப் பலகை முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஆணியில் கத்தி பட்டால் கத்தி போவது ஒரு பக்கம், பொறி ஒன்று குழாய் வழியே போய்ச் சீவலுக்குள் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் கனன்று பிறகுதான் பற்றும். அதனால் வேலை முடிந்த நாளில் டிரம்மையும் பையையும் இரவு முழுக்க வீட்டுக்குள் வைக்காதீர்கள். லின்சீட் எண்ணெயோ பாலிஷோ துடைத்த துணியைச் சீவலில் போடுவதும் கூடாது, எண்ணெய்த் துணி தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

கொட்டும்போதும் முகமூடி இருக்கட்டும். ஃபில்டர் பையை அறைக்குள் உதறாதீர்கள், கம்ப்ரசர் காற்றடித்தும் சுத்தம் செய்யாதீர்கள். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. அந்த மாதங்களில் ஃபில்டரில் ஈரம் ஏறித் தூள் அப்பிக்கொள்ளும், வெயில் அடிக்கும் நாளில் கழற்றி வெளியே தொங்கவிட்டுக் காயவைத்துத் தட்டி மாட்டுங்கள்.

சீவலை என்ன செய்வது? மருந்து ஏற்றாத அயனி, பலாச் சீவலை வாழை மூட்டில், அதாவது அடியைச் சுற்றி, பரப்பிவிடலாம், ஈரம் காக்கும். மேலே பரப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; மண்ணோடு கலந்தால் மட்குவதற்காக மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொண்டு வாழை வெளுக்கும். ரப்பர் பலகைச் சீவல் வேறு விஷயம். வண்டு துளைக்காமலும் பூஞ்சை பிடிக்காமலும் இருக்க மில்லிலேயே போரான் மருந்து ஏற்றித்தான் பெரும்பாலும் ரப்பர் மரத்தை விற்கிறார்கள், ஆகவே அதைக் கோழிக்கூட்டில் போடாதீர்கள், தோட்டத்திலும் வேண்டாம். இதற்காகவே நான் இரண்டு சாக்கு வைத்திருக்கிறேன், ஒன்றில் வாழைக்குப் போகும் சீவல், இன்னொன்றில் மற்றது எல்லாம். ரப்பர் மரம் இழைக்கும் முன்பு டிரம்மை ஒரு தடவை காலி செய்துவிட்டுத் தொடங்கினால் இரண்டும் கலக்காது.